கழிவுநீர்ச் செலவில் யார் பங்கு எவ்வளவு?

ஒரு வட்டாரத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் நான்கைந்து ஊர்கள் தத்தம் கழிவுநீரைத் தனித்தனியே சுத்திகரிப்பதைவிட, ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய நிலையம் அமைத்துக்கொண்டால் மொத்தச் செலவு பெரும்பாலும் குறைகிறது. தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் அதைக் கட்டும் செலவு இரட்டிப்பாவதில்லை. ஆய்வுக்கூடம் ஒன்று போதும். இரவுப் பணிக்கு ஒரே குழு போதும். ஆகவே சேரலாமா வேண்டாமா என்ற பேச்சு விரைவில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தொடங்கும் பேச்சுதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது: சேர்ந்து கட்டியதன் செலவில் யார் பங்கு எவ்வளவு? சிங்கப்பூரின் செனோக்கோ வட்டாரத்தில் உள்ள ஓர் உணவுத் தொழிற்சாலையில் கழிவுநீர்ப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எனவே இந்தக் கேள்வி என் அன்றாட வேலையோடு ஒட்டியது. யார் எத்தனை லிட்டர் அனுப்புகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துப் பங்கு பிரிப்பது எல்லாருக்கும் எளிதாகப் புரிகிறது என்றாலும், பல இடங்களில் அது நியாயமாக அமைவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இந்தச் சச்சரவு கண்ணில் படுவதில்லை, ஏனெனில் இங்கே தீவு முழுவதற்கும் ஒரே பொதுப் பயனீட்டுக் கழகம், ஒரே பணப்பை. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதற்கட்டம் 3.4 பில்லியன் வெள்ளிச் செலவில் 2008இல் நிறைவடைந்தது. சுரங்கம் சரிவாக அமைந்திருப்பதால் கழிவுநீர் தானாகவே ஓடி நிலையத்தை அடைகிறது. வழி நெடுக இறைப்பு நிலையங்கள் வேண்டியதில்லை. அதன் பயனாகக் கிம் சுவான், பிடோக், சிலேத்தார் ஆகிய இடங்களில் இருந்த பழைய நிலையங்கள் மூடப்பட்டு, அவை பிடித்துவைத்திருந்த நிலம் வேறு பயன்பாட்டுக்கு விடப்பட்டது. துவாஸை நோக்கிச் செல்லும் இரண்டாம் கட்டத்தின் சுரங்கம் தோண்டும் வேலை 2023இல் முடிந்தது. இத்தனைக்கும் ஆகும் செலவில் தெம்பனிசில் இருப்பவரும் சுவா சூ காங்கில் இருப்பவரும் கன மீட்டருக்கு ஒரே கட்டணத்தைத்தான் செலுத்துகிறார்கள். தெம்பனிஸ்காரரின் கழிவுநீர் சாங்கி நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால் அவருக்குக் குறைத்துப் போட வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை, கேட்பதும் சரியன்று. அவர் வீட்டுக்கு அருகே நிலையம் அமைந்தது அவரது முயற்சியால் அன்று, தீவின் தேவையால். நிலத்தை விடுவித்ததன் ஆதாயமும் தீவு முழுவதற்கும் பொதுவாகப் போய்ச் சேர்கிறது. செலவும் ஆதாயமும் ஒரே கணக்கில் விழும் இடத்தில் தூரத்தைப் பிரித்து எண்ணுவது வீண் வேலை.

அப்படியிருந்தும், பங்கு பிரிக்கும் முறை இங்கேயும் ஒரு முறை மாறியது. 2017 ஜூலைக்கு முன்பு நம் கட்டணச் சீட்டில் கழிவுநீருக்கென்று இரண்டு கட்டணங்கள் இருந்தன: ஒன்று பயன்படுத்திய தண்ணீரின் அளவுக்கேற்ப, மற்றொன்று வீட்டில் உள்ள கழிப்பறை ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும், பொருள் சேவை வரி சேர்த்து, 3 வெள்ளி. இரண்டு கழிப்பறை உள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வாழும் வயதான தம்பதி 6 வெள்ளி கட்டினார்கள். அடுத்த கதவில் அதே அமைப்புள்ள வீட்டில் தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை கூடி வாழ்ந்த குடும்பமும் அதே 6 வெள்ளிதான் கட்டியது. அதன் பின்னர் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, அளவை மட்டும் சார்ந்த ஒரே கட்டணம் ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல் மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு அது கன மீட்டருக்கு 1 வெள்ளி 9 காசு. வீடுகளைப் பொறுத்தவரை இந்த மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன். ஒரு வீட்டின் கழிவுநீருக்கும் இன்னொரு வீட்டின் கழிவுநீருக்கும் தன்மையில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆகவே அளவு ஒன்றே போதுமான அளவுகோல். வசதி குறைந்த குடும்பங்களுக்கான உதவி யு-சேவ் தள்ளுபடியாகத் தனியே வந்துவிடுகிறது.

தொழிற்சாலை விஷயம் வேறு. எங்கள் ஆலையின் பின்வாசலில் மாதிரி எடுக்கும் குழி ஒன்று இருக்கிறது. சமையல் கொப்பரைகளைக் கழுவும் நேரத்தில் அதன் இரும்பு மூடியைத் தூக்கினால், பழுப்பு நிறத்தில் மாவு கரைந்த தண்ணீர் நுரைத்து ஓடும். மேலே எண்ணெய்ப் படலம் வண்ணம் காட்டும். அதிலிருந்து எடுத்த மாதிரி பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்குப் போய், 20 டிகிரி வெப்பத்தில் 5 நாள் காத்திருந்த பிறகுதான் அதன் பிஓடி அளவு தெரியவரும்: அந்த நீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதன் அளவு அது. சிங்கப்பூரின் விதிப்படி லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிஓடி உள்ள தொழிற்சாலைக் கழிவுநீரைப் பொதுக் குழாயில் விட வேண்டுமானால் அனுமதி பெற்று, மிகுதிக்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கும் 4,000 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பு உண்டு. கரையாத திடப்பொருளுக்கும் இதே முறை.

இது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஓர் உணவுத் தொழிற்சாலை நாளொன்றுக்கு 100 கன மீட்டர் கழிவுநீரை விடுகிறது, அதில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் பிஓடி இருக்கிறது என்று கொள்வோம். ஒருவர் ஒரு நாளில் 140 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறார் என்று வைத்தால், அளவில் அந்தத் தொழிற்சாலை ஏறத்தாழ 700 பேருக்குச் சமம். ஆனால் ஒருவர் நாளொன்றுக்கு விடும் பிஓடி 60 கிராம் என்ற ஐரோப்பியக் கணக்கின்படி பார்த்தால், அதே தொழிற்சாலை 5,000 பேருக்குச் சமமாகிவிடுகிறது. காற்றடிக்கும் இயந்திரங்களுக்கு ஆகும் மின்சாரமும், தொட்டியின் பருமனும், கடைசியில் மிஞ்சும் சேற்றை அகற்றும் செலவும் இந்த 5,000 பேரின் கணக்கையே பின்பற்றுகின்றன. அளவை மட்டும் எண்ணிப் பங்கு பிரித்தால், மீதி 4,300 பேருக்கான செலவை அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் தங்களுக்குத் தெரியாமலேயே சுமக்கும். பிரிட்டனில் மேற்கு லண்டனின் மோக்டன் நிலையத்தின் பெயரால் வழங்கும் சூத்திரம் இதைத்தான் நேர்செய்கிறது. நீரைக் கொண்டுவருவது, முதல்நிலைச் சுத்திகரிப்பு ஆகிய இரண்டையும் அளவுக்கேற்பவும், நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பை அந்த நீரின் வலிமைக்கேற்பவும், சேற்றை அகற்றுவதைத் திடப்பொருளுக்கேற்பவும் அது தனித்தனியே பிரித்துக் கூட்டுகிறது. எந்த வேலைக்கு எது காரணமோ, அதன்படி செலவு.

அன்றாட ஓட்டச் செலவுக்கு இந்த வழி போதும். கட்டும் செலவில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அங்கே பல ஊர்கள் தனித்தனிப் பணப்பையோடு வந்து உட்காருகின்றன. பெரியவூர், நடுவூர், சின்னவூர் என்று மூன்று ஊர்களைக் கற்பனை செய்துகொள்வோம். தனித்தனியே நிலையம் கட்டினால் முறையே 70, 45, 30 கோடி ஆகும், மொத்தம் 145. மூன்றும் சேர்ந்தால் 120 கோடியில் முடியும், மிச்சம் 25. இரண்டிரண்டாகச் சேர்ந்தால் பெரியவூருக்கும் நடுவூருக்கும் 100, பெரியவூருக்கும் சின்னவூருக்கும் 92, நடுவூருக்கும் சின்னவூருக்கும் 65. கழிவுநீரின் அளவு 60, 25, 15 விழுக்காடு.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 40 கோடி. 30 கோடியில் தானே கட்டிக்கொள்ளக்கூடிய சின்னவூர் எழுந்து போய்விடும். அளவின்படி பிரித்தால் பெரியவூரின் பங்கு 72 கோடி. 70 கோடியில் தனியே கட்டலாமே என்று அது விலகும். பேச்சுவார்த்தையில் முதலில் முன்வைக்கப்படும் இரண்டு வழிகளும் இங்கே திட்டத்தையே குலைக்கின்றன. பெரியவூர் விலகினால் அது தனியே 70, மற்ற இரண்டும் சேர்ந்து 65, ஆக 135 கோடி. எல்லாருமாகச் சேர்ந்து 15 கோடியை இழப்பார்கள். பெரிய ஊர் பிடிவாதம் பிடிக்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது பிடிவாதம் அன்று. தன் மக்களின் வரிப்பணத்தில் 2 கோடியைப் பக்கத்து ஊர்களுக்குத் தர மறுக்கிறது, அவ்வளவே.

ஆகவே எந்தப் பங்கீடும் முதலில் இரண்டு சோதனைகளைக் கடக்க வேண்டும். தனித்தோ சிலருடன் கூடியோ கட்டினால் ஆகும் செலவைவிட எவரும் அதிகம் செலுத்தக் கூடாது; தாம் சேர்ந்ததால் மட்டும் கூடிய செலவைவிட எவரும் குறைத்துச் செலுத்தவும் கூடாது. இந்த இரண்டாவது சோதனை அடிக்கடி மறக்கப்படுகிறது. அதை மறந்தால் ஓர் ஊரின் கழிவுக்கு மற்ற ஊர்கள் மானியம் கொடுப்பதாக முடியும்.

அமெரிக்காவில் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் 1930களில் அணைகளைக் கட்டியபோது, ஒரே அணையின் செலவை மின்சாரம், படகுப் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றுக்கிடையே பிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்த முறையை நம் மூன்று ஊர்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். பெரியவூர் இல்லாவிட்டால் 65 கோடியில் முடிந்திருக்கும். ஆகவே அது சேர்ந்ததால் மட்டும் கூடியது 55. அதேபோல் நடுவூருக்கு 28, சின்னவூருக்கு 20. இவை 103 கோடி. எவருக்கும் தனியே உரியதல்லாத மீதி 17 கோடியைத்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் ஊரும் தனியே கட்டும் செலவிலிருந்து அது சேர்ந்ததால் மட்டும் கூடிய தொகையைக் கழித்தால் பெரியவூருக்கு 15, நடுவூருக்கு 17, சின்னவூருக்கு 10 கோடி ஆதாயம் மிஞ்சுகிறது. அந்த விகிதத்தில் 17 கோடியைப் பிரித்தால் இறுதிப் பங்கு ஏறத்தாழ 61, 35, 24 என்று வருகிறது. கணித அறிஞர் லாயிட் ஷேப்லி 1953இல் வகுத்த முறை வேறு வழியில் செல்கிறது: ஊர்கள் எந்தெந்த வரிசையில் வந்து சேர்ந்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு செலவைக் கூட்டும் என்று எல்லா வரிசைகளுக்கும் பார்த்துச் சராசரி எடுக்கிறது. அதன்படி கணக்கிட்டாலும், கோடிக்கு முழுமையாக்கினால், அதே 61, 35, 24 வருகிறது. முறைகள் எப்போதும் இப்படி ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் மேற்சொன்ன சோதனைகளை இங்கே கடக்கின்றன. எந்த இரண்டு ஊர்களும் தமக்குள் கூடிப் பிரிந்துபோக எந்தக் காரணமும் இல்லை.

இந்த முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தனியே கட்டினால் எனக்கு எவ்வளவு ஆகும் என்பதை ஒவ்வோர் ஊரும் தானே சொல்லும்படி விட்டால், குறைத்துச் சொல்வதே அதற்கு ஆதாயம். ஆதாயம் சிறிதென்று காட்டினால் பங்கும் சிறிதாகும். எனவே அந்த மதிப்பீட்டை எந்த ஊரையும் சாராத பொறியாளர் ஒருவரே எல்லா ஊர்களுக்கும் ஒரே விலைப்பட்டியலை வைத்துப் போட வேண்டும். அதுவும் முதல் குழாய் பதிப்பதற்கு முன்பே. கட்டி முடித்த பிறகு எவராலும் விலகிப்போக முடியாது. விலக முடியாதவரிடம் நடத்தும் பேச்சுவார்த்தையில் வலியவர் சொன்னதே விகிதம்.

அரசு மானியம் வந்தால் கணக்கு இன்னும் குழம்பும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின்படி நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டும் செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசு கொடுத்தது. நான்கில் மூன்று பங்கை வேறொருவர் கொடுக்கும்போது தேவைக்குமேல் பெரிதாகக் கட்டிவைக்கும் ஆசை யாருக்கும் வரும். 1981இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பங்கை 55 விழுக்காடாகக் குறைக்க முடிவு செய்தார்கள். கட்டுவதற்கு மானியம் உண்டு, ஓட்டுவதற்கு இல்லை என்ற நிலையில், பெரிதாகக் கட்டிய நிலையத்தை ஓட்டும் சுமை ஊர்களின் தலையில் விழும். பங்கு பிரிக்கும்போது தனித்தனியே கட்டினாலும் கிடைக்கக்கூடிய மானியத்தைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சேர்வதன் உண்மையான மிச்சம் எவ்வளவு என்பதே தெரியாமல் போகும்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் அமைப்பு ஜெர்மனியின் எம்ஷர் கூட்டுறவு. நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் நிறைந்த அந்த ஆற்றுப்படுகையில் 1899இல் அது தொடங்கப்பட்டது. ஊர்களும் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர்கள்; யார் எவ்வளவு சுமை ஏற்றுகிறார்களோ, யார் எவ்வளவு பயன் பெறுகிறார்களோ அதைப் பார்த்தே சந்தா. சுரங்கம் தோண்டியதால் நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்தது. நிலத்தடிக் குழாய்கள் நிலைக்கவில்லை. ஆறே திறந்த சாக்கடையாக ஓடியது. சுரங்கத் தொழில் ஓய்ந்த பிறகு அதே அமைப்பு பல பில்லியன் யூரோச் செலவில் நிலத்தடிக் கால்வாயை அமைத்து, 2021 முடிவில் ஆற்றைக் கழிவுநீரிலிருந்து விடுவித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறுப்பினர்கள் மாறினார்கள், தொழில்கள் மறைந்தன, பங்கிடும் விதி நின்றது.

நம்மில் பலருக்கு உறவு முறையில் நெருக்கமான திருப்பூரை இங்கே சொல்லாமல் விட முடியாது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. வழக்குப் போட்டவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது; பின்னர் துளிக் கழிவும் வெளியே போகாதபடி சுத்திகரிக்கும் பொது நிலையங்களோடு தொழில் மீண்டும் எழுந்தது. நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு முறையும் ஆவியாக்கும் கலன்களும் கொண்ட அந்த நிலையங்களின் செலவைப் பட்டறைகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன.

என் சித்தப்பா மகன் அங்கே ஒரு சிறிய சாயப்பட்டறை நடத்துகிறார். அவர் உறுப்பினராக இருக்கும் நிலையத்தில் கடன் தவணை, பராமரிப்பு, மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதம் வந்த லிட்டர்களால் வகுத்து லிட்டருக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்த மாதங்களில் பாதிப் பட்டறைகள் நிற்கும். ஓடும் பட்டறைகளின் லிட்டர் விலை எகிறும். அந்த விலையைக் கண்டு இன்னும் சிலர் நிறுத்துவார்கள். "நாங்க ஓட்டலைன்னாலும் வட்டி ஓடுதுங்கண்ணா, அதை ஓட்டுறவன் தலையில மட்டும் வெச்சா எப்படிங்க?" என்று தொலைபேசியில் அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. நிலையத்தை அந்த அளவுக்குப் பெரிதாகக் கட்ட வைத்தது ஒவ்வொருவரும் முன்பதிவு செய்த கொள்ளளவு. இந்த மாதம் வந்த லிட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே கடனும் நிலையான பராமரிப்பும் பதிவு செய்த கொள்ளளவின்படி, பட்டறை ஓடினாலும் நின்றாலும், வசூலிக்கப்பட வேண்டும். மின்சாரம், வேதிப்பொருள், ஆவியாக்கும் எரிபொருள் ஆகியவை அனுப்பிய அளவின்படியும் அதில் உள்ள உப்பின்படியும் பிரிய வேண்டும். உப்பு மிகுந்த அடர்சாய நீரையும் துணி அலசிய வெளிறிய நீரையும் ஒரே மீட்டரில் ஒன்றாக எண்ணுவது, உப்பைக் குறைக்க முதலீடு செய்தவரைத் தண்டிப்பதற்குச் சமம்.

மழை நீரின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழுதடைந்த குழாய்களின் வழியே மழைநாளில் நுழையும் நீர் நிலையத்தின் உச்சச் சுமையைத் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் மீட்டர் இருந்தால் தன் குழாய்களைப் பழுதுபார்க்காத ஊர் எது என்று தெரிந்துவிடும்.

இவை எல்லாம் பங்குதாரர்களுக்குள் நடக்கும் நியாயம். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயி எந்த நிலையத்திலும் பங்குதாரர் அல்லர். ஆயினும் பல ஆண்டுகள் அந்தச் செலவில் பெரும்பகுதியை உவர்ந்த கிணறாகவும் கருகிய பயிராகவும் செலுத்தியவர் அவர்தான். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. நிலையம் சரியாக ஓடாத நாட்களில் ஆற்றங்கரைக்கு ஏற்படும் இழப்புக்கென்று ஒரு நிதி, பங்குதாரர்களின் மாதச் சந்தாவிலேயே ஒரு தனி இனமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நிலையத்தைத் தன் எல்லையில் ஏற்றுக்கொண்டு நாற்றத்தையும் லாரிப் போக்குவரத்தையும் தாங்கும் ஊருக்கும் இதே அடிப்படையில் ஈடு கொடுக்க வேண்டும்.

தம்பியின் நிலையத்தில் இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. சில பட்டறைகள் நிரந்தரமாக மூடிவிட்டன. அவற்றின் கொள்ளளவைப் புதியவர்கள் கேட்கிறார்கள். புதியவர் இனிமேல் ஆகும் ஓட்டச் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், இடம் எப்படியும் காலியாகத்தான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இதை நான் ஏற்கவில்லை. தொழில் படுத்திருந்த காலத்தில் வட்டி கட்டி அந்த இடத்தைக் காத்தவர்கள் பழைய உறுப்பினர்கள். இன்றைய விலையில் அதே கொள்ளளவைக் கட்ட ஆகும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்து, மீதியைப் புதியவர் நுழைவுத் தொகையாகக் கட்ட வேண்டும். அந்தத் தொகை முதலில் கடனை அடைக்கவும், எஞ்சியது பழைய உறுப்பினர்களுக்கு அவர்கள் சுமந்த விகிதத்திலும் போக வேண்டும். ஒரே தவணையில் கட்ட முடியாத சிறிய பட்டறைக்கு ஐந்தாண்டுத் தவணை தரலாம். மூடிய பட்டறைக்காரர் பதிவைத் திருப்பிக் கொடுக்கும் நாள்வரை அவர் பெயரில் நிலையான சந்தா ஏறிக்கொண்டே இருக்கும் என்றும் எழுதிவைக்க வேண்டும். அப்போதுதான் காலி இடத்தை எவரும் முடக்கிவைக்காமல் விரைவில் விடுவிப்பார்கள். இதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, மேலே சொன்ன மூன்று ஊர்க் கணக்கையும் இணைத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். நிலையத்தின் அடுத்த பொதுக்குழுவில் அதை வாசிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.